ஜாரின் பள்ளிக்கூடத்தில் யாருக்கு இடம்?

பத்தொன்பதாம் நூற்றாண்டு ருஷ்யாவைப் பற்றி எதைப் படித்தாலும் மூன்று சொற்கள் எதிரே வந்து நிற்கும்: திருச்சபை, எதேச்சதிகாரம், தேசியம். 1833-ல் கல்வி அமைச்சகத்தின் பொறுப்பை ஏற்ற செர்கேய் உவாரோவ், கல்வி மாவட்டத் தலைவர்களுக்கு அனுப்பிய முதல் சுற்றறிக்கையிலேயே இதைச் சொல்லிவிட்டார். இந்த மூன்றும் ஒன்றாகக் கலந்த உணர்வில்தான் மக்களின் கல்வி நடக்க வேண்டும், அதுவே பேரரசரின் விருப்பம் என்று. அதன்பிறகு 1849 வரை அவர்தான் அமைச்சர். 1846-ல் பிரபுப் பட்டம் கிடைத்தபோது தன் குடும்பச் சின்னத்திலும் அதே மூன்று சொற்களைப் பொறித்துக்கொண்டார்.

கொஞ்ச காலமாக ஜார் முதலாம் நிக்கோலஸின் ஆட்சியைப் பற்றித் தேடித் தேடிப் படித்து வருகிறேன். படிக்கப் படிக்க அந்த மூன்று சொற்களின் மேல் எனக்கு ஆர்வம் குறைந்துகொண்டே வந்தது. அதே அமைச்சகம் போட்ட சேர்க்கை விதிகளும் கட்டண உத்தரவுகளும்தான் என்னைப் பிடித்து உட்கார வைத்தன. கோஷத்தில் சொல்லாததை எல்லாம் அந்த ஆட்சி அவற்றில் மனம்விட்டுப் பேசியிருக்கிறது. யார் படிக்கலாம், எதுவரை படிக்கலாம், எந்த வீட்டுப் பிள்ளை வாசலோடு நிற்க வேண்டும் என்று ஒளிவுமறைவில்லாமல் எழுதி வைத்திருக்கிறார்கள்.

இது எல்லாவற்றுக்கும் முன்னால் நடந்த ஒரு கலகத்தைச் சொல்லியாக வேண்டும். 1825 டிசம்பர் 14 (அன்றைய ருஷ்ய நாட்காட்டிப்படி, இங்கே நான் தரும் எல்லாத் தேதிகளும் அப்படித்தான்). தலைநகர் பீட்டர்ஸ்பர்க்கின் செனட் சதுக்கத்தில் இளம் ராணுவ அதிகாரிகள் தங்கள் படையினரோடு வந்து நின்று, புதிய ஜாருக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்க மாட்டோம் என்றார்கள். அரசியல் சட்டம் வேண்டும், பண்ணையடிமை முறை ஒழிய வேண்டும் என்பது அவர்களின் திட்டம். எல்லோரும் நல்ல குடும்பத்துப் பிள்ளைகள், பிரபுக்கள். அவர்களில் சிலர் நெப்போலியனைத் துரத்திக்கொண்டு பாரிஸ்வரை போய்த் திரும்பியவர்கள். நிக்கோலஸ் பீரங்கியால் சதுக்கத்தைக் காலி செய்தார். அடுத்த ஆண்டு ஜூலை 13 அன்று ஐந்து பேரைத் தூக்கில் போட்டார்கள். நூற்றுக்கு மேற்பட்டோர் சைபீரியாவுக்குப் போனார்கள்.

தூக்கிலிட்ட அதே நாளில் வெளியான அரசப் பிரகடனம் கலகத்தின் காரணத்தைக் கல்வியில் தேடியது. அறிவொளியால் வந்த கேடு இல்லை இது, மூளை சும்மா கிடப்பதாலும் உறுதியான அறிவு இல்லாததாலும் வந்தது, பெற்றோர் பிள்ளைகளின் ஒழுக்கத்தில் கவனம் வைக்க வேண்டும் என்று அது சொல்லிற்று. சரி, நோய் பிரபுக்கள் வீட்டில் என்று கண்டுபிடித்தாகிவிட்டது. மருந்து யாருக்குக் கொடுத்தார்கள் என்று பாருங்கள்.

1827 ஆகஸ்ட் 19 அன்று நிக்கோலஸ் அப்போதைய கல்வி அமைச்சர் ஷிஷ்கோவுக்கு ஓர் ஆணை அனுப்பினார். பண்ணையடிமைகள் பல்கலைக்கழகத்திலும் ஜிம்னாசியத்திலும் (நம்முடைய உயர்நிலைப் பள்ளி மாதிரி, பல்கலைக்கழகத்துக்குப் போகும் வழி அது) சேரக்கூடாது. பங்குப் பள்ளியிலும் (திருச்சபைப் பங்கு அளவிலான தொடக்கப் பள்ளி) வட்டாரப் பள்ளியிலும் படித்துக்கொள்ளலாம், அதற்கு மேல் கிடையாது. விடுதலைப் பத்திரம் கையில் இருந்தால் மட்டும் விலக்கு.

ஆணை அதோடு நிற்கவில்லை, காரணமும் சொன்னது. மேல்படிப்பு படிக்கும் அடிமை, தன் நிலைக்குப் பொருந்தாத பழக்கங்களையும் எண்ணங்களையும் கற்றுக்கொள்கிறான். அப்புறம் அந்த நிலையின் சுமை அவனுக்குத் தாங்க முடியாததாகிவிடுகிறது. மனம் சோர்ந்து ஆபத்தான கனவுகளிலோ இழிவான ஆசைகளிலோ விழுகிறான். ஆகவே படிக்க வேண்டாம்.

இதை முதல்முறை வாசித்தபோது கொதித்துப்போனேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்; இப்படிப்பட்ட வரிகளை ஆற அமர, வரலாற்று ஆவணம் என்று தள்ளி வைத்துப் படிக்க எனக்கு வராது. எழுதியவருக்கு உண்மை தெரிந்திருக்கிறது. படித்த மனிதனால் அடிமையாக இருக்க முடியாது என்பதைப் பேரரசரே எழுத்தில் ஒப்புக்கொள்கிறார். ஒப்புக்கொண்ட கையோடு, அடிமைத்தனத்தை விட்டுவிட்டுப் படிப்பை நிறுத்துகிறார். இரண்டு கோடிக்கும் மேற்பட்ட மனிதர்கள் தனியார் உடைமையாக இருந்த நாட்டில், அவர்களின் வேதனை ஓர் ஆவணத்தில் இவ்வளவு துல்லியமாகப் பதிவாகி, அந்தப் பதிவே அவர்களுக்கு எதிரான சாட்சியாகவும் ஆகிவிட்டது.

அடுத்த ஆண்டு, 1828-ல், பள்ளிகளுக்கான புதிய விதிகள் வந்தன. பங்குப் பள்ளி அடித்தட்டு மக்களுக்கு: வேதபாடம், எழுத்து, வாசிப்பு, கூட்டல் கழித்தல் பெருக்கல் வகுத்தல். வட்டாரப் பள்ளி வணிகர், கைவினைஞர் பிள்ளைகளுக்கு. ஜிம்னாசியம் பிரபுக்கள், அதிகாரிகள் பிள்ளைகளுக்கு. 1804-ம் ஆண்டு விதிகளில் இவை ஒன்றின் மேல் ஒன்றாக ஏறிப்போகும் படிகளாக இருந்தன. காகித அளவிலாவது ஏழைப் பிள்ளை கீழிருந்து பல்கலைக்கழகம்வரை வரலாம். 1828-ல் அந்தத் தொடர்ச்சியை அறுத்துவிட்டார்கள். ஒவ்வொரு பள்ளியும் அந்தந்த வகுப்பாருக்கான முழுப் படிப்பு, அதோடு முடிந்தது.

உவாரோவ் அமைச்சராக வந்தது இந்த ஏற்பாடுகள் எல்லாம் ஆன பிறகு. அவரை முரடர் என்று நினைத்துவிடக் கூடாது. கிரேக்கமும் லத்தீனும் ஆழக் கற்றவர், ஜெர்மன் கவிஞர் கதேயோடு கடிதத் தொடர்பு வைத்திருந்தவர், 1818 முதல் அறிவியல் கழகத்தின் தலைவர். அதே 1818-ல் ஆற்றிய ஓர் உரையில், அரசியல் சுதந்திரம் கடவுள் தரும் கடைசிக் கொடை, மிக அழகிய கொடை என்றார். தேசியத்தை உயர்த்திப் பிடிக்கும் அந்த மூன்று சொற்களையே அவர் முதலில் ஜாருக்குப் பிரெஞ்சு மொழியில்தான் எழுதிக் கொடுத்தார். உயர்குடியினர் அப்படித்தான் எழுதினார்கள், பேசினார்கள்.

அவர் காலத்தில் பல்கலைக்கழகங்கள் தரத்தில் உயர்ந்ததும் உண்மை. பேராசிரியர் சம்பளம் கூடியது. திறமையான இளைஞர்கள் பெர்லினுக்குப் படிக்கப் போய்த் திரும்பினார்கள். 1839-ல் புல்கோவோ வானாய்வகம் திறந்தது. மாஸ்கோவில் பேராசிரியர் கிரனோவ்ஸ்கி ஐரோப்பிய இடைக்கால வரலாற்றைப் பேசினால் கேட்க ஊரே திரண்டது. ஆனால் 1835-ம் ஆண்டுப் பல்கலைக்கழகச் சட்டம் பேராசிரியர் அவையின் அதிகாரத்தைப் பிடுங்கிக் கல்வி மாவட்டத் தலைவர் கையில் கொடுத்தது. மாணவர்களின் நடத்தையைக் கவனிக்க ஆய்வாளர்கள் வந்தார்கள். சீருடை, தலைமுடி, நிற்கும் விதம் எல்லாவற்றுக்கும் ஒழுங்கு. இறையியலும் திருச்சபை வரலாறும் எல்லா மாணவருக்கும் கட்டாயம். சிறுவர்கள் படித்த ஃபிலரெத் பேராயரின் ஞானோபதேச வினாவிடையில், ‘உன் தாய் தகப்பனைக் கனம்பண்ணு’ என்ற கட்டளைக்கான விளக்கம் பெற்றோரோடு நிற்காது. பெற்றோர் ஸ்தானத்தில் இருப்பவர்கள் யார் என்ற கேள்விக்கு முதல் பதிலே மன்னரும் தாய்நாடும்தான்.

1835-ல் உவாரோவ் தன் அமைச்சகத்தின் கீழிருந்த தணிக்கையாளர் ஒருவரிடம் மனம்விட்டுப் பேசியிருக்கிறார். கோட்பாடுகள் ருஷ்யாவுக்காகத் தயார் செய்துவைத்திருக்கும் கதியிலிருந்து நாட்டை ஐம்பது ஆண்டு தள்ளிப்போட முடிந்தால் என் கடமையை முடித்தவனாக நிம்மதியாகச் சாவேன் என்று. இது நமக்குத் தெரிவது அந்தத் தணிக்கையாளர் வீட்டுக்குப் போய் நாட்குறிப்பில் எழுதிவைத்ததால்தான்.

அவர் பெயர் அலெக்சாந்தர் நிகிதென்கோ. இந்தக் காலத்தில் நான் அதிகம் நினைத்துக்கொள்ளும் மனிதர் இவர்தான். அதனால் இவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1804 வாக்கில் உக்ரேனியர் நிறைந்த தென்பகுதியில் ஷெரெமேத்யெவ் பிரபுவின் பண்ணையடிமையாகப் பிறந்தவர். அந்தப் பிரபு குடும்பத்துக்கு ஒரு லட்சத்துக்கும் மேல் அடிமைகள். அப்பா கொஞ்சம் படித்தவர், அதனாலேயே எஜமானரின் அதிகாரிகளிடம் நிறையப் பட்டவர். பையன் வரோனெஷ் நகரத்தில் வட்டாரப் பள்ளியை நன்றாக முடித்தான். கூடப் படித்த பிள்ளைகள் ஜிம்னாசியத்துக்குப் போனார்கள். அடிமை என்பதால் இவனுக்குக் கதவு திறக்கவில்லை. 1827 ஆணைக்கு முன்பே நடைமுறை அப்படித்தான் இருந்தது. ஆணை அதைச் சட்டமாக்கியது, அவ்வளவுதான். பதினான்கு வயதில் தொடங்கிய நாட்குறிப்பை மட்டும் அவர் சாகும்வரை, 1877 வரை, விடவில்லை.

பிறகு அஸ்த்ரகோஷ்ஸ்க் என்ற சிற்றூரில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துப் பிழைத்தார். அங்கே வேதாகமச் சங்கத்தின் கிளைக்குச் செயலாளர் ஆனார். 1824-ல் அந்தச் சங்கத்தில் அவர் ஆற்றிய உரை தலைநகருக்குப் போய், சங்கத் தலைவரான இளவரசர் கலீத்சினின் கண்ணில் பட்டது. இவ்வளவு அறிவுள்ள ஆள் அடிமையா என்று பெரிய மனிதர்கள் இரங்கினார்கள். பிரபு லேசில் இறங்கி வரவில்லை. கவிஞர் ரிலேயெவ் இவருக்காக அலைந்தார், இன்னும் பலரைக் கூட்டினார், பிரபுவின் மேல் நாலா பக்கமும் நெருக்கடி வந்தது. கடைசியில் அதே ஆண்டு விடுதலைப் பத்திரம் கையெழுத்தானது. அடுத்த ஆண்டு பீட்டர்ஸ்பர்க் பல்கலைக்கழக மாணவர்.

இவருக்காக அலைந்த அந்த ரிலேயெவ்தான் 1826-ல் தூக்கிலிடப்பட்ட ஐவரில் ஒருவர். கலகம் நடந்தபோது நிகிதென்கோ தங்கியிருந்ததும் இன்னொரு கலகக்காரரான ஒபொலென்ஸ்கியின் வீட்டில், அவருடைய தம்பிக்குப் பாடம் சொல்லிக்கொண்டு. ஒபொலென்ஸ்கி சைபீரியா போனார். இவர் தப்பித்தார். தப்பித்தாலும் அந்தப் பயம் வாழ்நாள் முழுக்க அவர் எழுத்தில் தெரிகிறது.

பிறகு அவர் ருஷ்ய இலக்கியப் பேராசிரியர் ஆனார், 1833-ல் தணிக்கையாளரும் ஆனார். அடிமையாகப் பிறந்தவர், தன்னை விடுவித்தவரைத் தூக்கில் போட்ட அரசுக்குத் தணிக்கை செய்கிறார். இதை வைத்து அவரைத் திட்டுவது சுலபம், நான் அதைச் செய்யப் போவதில்லை. அவருக்கு வேறு வேலை எங்கே கிடைத்திருக்கும்? அந்த வேலையில் அவர் எவ்வளவு நெளிந்தார் என்பதற்கு நாட்குறிப்பே சாட்சி. 1834 டிசம்பரில் விக்டர் ஹ்யூகோவின் காதல் கவிதை ஒன்றின் மொழிபெயர்ப்பை அனுமதித்தார். நான் அரசனாக இருந்தால் உன் ஒரு பார்வைக்காக இதையெல்லாம் தருவேன், கடவுளாகவே இருந்தாலும் தருவேன் என்று உருகும் வழக்கமான காதலன் பாட்டு. பேராயர் செராஃபிம் நேரே ஜாரிடம் போய் முறையிட்டார். பேராசிரியரைக் காவல் கொட்டடியில் எட்டு நாள் அடைத்து வைத்தார்கள்.

அதைவிட என்னை உலுக்கியது வேறொரு பதிவு. 1841 ஆகியும் அவருடைய தாயும் தம்பியும் ஷெரெமேத்யெவின் அடிமைகள்தான். மகன் தலைநகரில் பேராசிரியர், அரசு அதிகாரி, எழுத்தாளர்கள் அவர் கையெழுத்துக்குக் காத்து நிற்கிறார்கள். பெற்ற தாய் இன்னொருவரின் சொத்து. விடுவிக்கச் சொல்லிப் பிரபுவிடம் கெஞ்சிக் கேட்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டுதான் அது நடந்தது. அதற்கு மறு ஆண்டு, 1842-ல், கோகலின் ‘இறந்த ஆன்மாக்கள்’ அவர் மேசைக்கு வந்தது. செத்துப்போன அடிமைகளை, கணக்கில் இன்னும் உயிரோடு இருப்பதால், விலைக்கு வாங்கித் திரியும் ஒருவனின் கதை. மாஸ்கோவில் தணிக்கையில் சிக்கித் தவித்த அந்த நாவலை நிகிதென்கோ அனுமதித்தார். ஒரு கிளைக்கதையைத் தடுத்தார், அதை கோகல் மாற்றி எழுதிக் கொடுத்தார். மற்றதெல்லாம் ஏறக்குறைய அப்படியே வெளிவந்தது. அந்தக் கையெழுத்துப் பிரதியைப் புரட்டும்போது அவர் மனசில் என்ன ஓடியிருக்கும் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன்.

மீண்டும் கல்விக்கு வருகிறேன். உவாரோவின் பல்கலைக்கழகங்கள் நன்றாக நடந்தன, அதுவே வினையாயிற்று. பிரபுக்கள் அல்லாத பிள்ளைகள், சிறு அதிகாரிகள், பாதிரியார்கள், கடைக்காரர்கள் வீட்டுப் பிள்ளைகள், உள்ளே வரத் தொடங்கினார்கள். 1845-ல் நிக்கோலஸ், இப்படிப்பட்டவர்கள் ஜிம்னாசியத்தில் சேருவதைக் கடினமாக்க வழி ஏதும் உண்டா என்று யோசிக்கச் சொன்னார். உவாரோவ் வழி கண்டுபிடித்தார்: கட்டணத்தை ஏற்றுவது. அவர் எழுதிய விளக்கத்தைப் பாருங்கள். இந்த உயர்வு பள்ளிகளின் வருமானத்துக்காக அவ்வளவாக இல்லை. இளைஞர்களின் கல்வி வேட்கையை அவரவர் வகுப்பின் வாழ்க்கை நிலைக்குப் பொருந்திய எல்லைக்குள் நிறுத்தி வைக்கத்தான். 1827-ல் சட்டம் செய்த வேலையை இப்போது ரூபிள் செய்தது. கட்டண உயர்வுக்கு நிதி நெருக்கடி, தரம் என்று ஏதாவது காரணம் சொல்வதுதான் எந்த அரசுக்கும் வழக்கம். உள்நோக்கத்தையே காரணமாக எழுதி வைத்த உத்தரவு வேறொன்றை நான் பார்த்ததில்லை.

1848-ல் ஐரோப்பா முழுக்கப் புரட்சி வெடித்தபோது இதுவும் போதாமல் போயிற்று. தணிக்கையாளர்களையே கண்காணிக்க, புதுர்லின் தலைமையில் ரகசியக் குழு ஒன்று அமைந்தது. 1849-ல், மருத்துவமும் இறையியலும் தவிர மற்ற துறைகளில், ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் சொந்தச் செலவில் படிக்கும் மாணவர்கள் முந்நூறு பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்று உத்தரவு. உவாரோவ் தன் பல்கலைக்கழகங்களுக்கு ஆதரவாகப் பத்திரிகையில் ஒரு கட்டுரை வரச் செய்தார். ஜாருக்கு அது பிடிக்கவில்லை. கீழ்ப்படிய வேண்டும், சொந்தக் கருத்தைத் தனக்குள் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது அவர் தீர்ப்பு. அந்த அக்டோபரில் உவாரோவ் பதவி விலகினார். எதேச்சதிகாரத்தைப் பாடத்திட்டத்தின் நடுநாயகமாக வைத்தவரையே எதேச்சதிகாரம் வேண்டாம் என்று வெளியே அனுப்பியது. அடுத்து வந்தவர் 1850-ல் பல்கலைக்கழகங்களில் தத்துவத் துறையை மூடினார். தர்க்கமும் உளவியலும் மட்டும் மிஞ்சின, அவற்றையும் இறையியல் பேராசிரியர்கள்தான் நடத்த வேண்டும்.

நிக்கோலஸ் 1855-ல் இறந்தார். 1861-ல் அவர் மகன் இரண்டாம் அலெக்சாந்தர் பண்ணையடிமை முறையை ஒழித்தார். 1863-ல் பல்கலைக்கழகங்களுக்குத் தன்னாட்சி திரும்பியது. அந்த வசந்த காலம் ரொம்ப நாள் நீடிக்கவில்லை. 1866-ல் ஒரு முன்னாள் மாணவர் ஜாரை நோக்கிச் சுட்டார், குறி தவறியது. உடனே கல்வி அமைச்சர் மாறினார். புதிதாக வந்த திமீத்ரி தல்ஸ்தோய் 1871-ல் ஜிம்னாசியங்களை லத்தீனாலும் கிரேக்கத்தாலும் நிரப்பினார். இலக்கணப் பயிற்சியில் மூழ்கிக் கிடக்கும் பையன் அரசியல் பேசமாட்டான் என்று நம்பிக்கை.

இனி 1887. மார்ச் 1 அன்று அடுத்த ஜாரான மூன்றாம் அலெக்சாந்தரைக் கொல்லத் திட்டமிட்ட மாணவர்கள் பீட்டர்ஸ்பர்க் தெருவில் பிடிபட்டார்கள். மே 8 அன்று ஐந்து பேர் தூக்கிலிடப்பட்டார்கள். அவர்களில் ஒருவர் அலெக்சாந்தர் உல்யானோவ், விலங்கியலில் தங்கப் பதக்கம் வாங்கிய மாணவர், லெனினின் அண்ணன். ஜூன் 18 அன்று கல்வி அமைச்சர் தெல்யானோவின் சுற்றறிக்கை வெளிவந்தது. வண்டிக்காரர், வேலைக்காரர், சமையற்காரி, சலவைக்காரி, சிறு கடைக்காரர் போன்றோரின் பிள்ளைகளை ஜிம்னாசியத்தில் சேர்க்க வேண்டாம். அசாதாரணத் திறமை படைத்தவர்கள் வேண்டுமானால் விதிவிலக்கு. மற்றவர்களை அவர்கள் பிறந்த சூழலிலிருந்து வெளியே இழுக்கக் கூடாது. அதே ஆண்டில் யூதப் பிள்ளைகளுக்கும் உச்சவரம்பு வந்தது: அவர்கள் குடியிருக்க அனுமதித்த பகுதியில் நூற்றுக்குப் பத்து, மற்ற இடங்களில் ஐந்து, பீட்டர்ஸ்பர்க், மாஸ்கோ என்ற இரு தலைநகரங்களில் மூன்று.

தூக்கில் தொங்கிய உல்யானோவ் சமையற்காரி மகன் இல்லை. அவர் அப்பா இல்யா, சிம்பிர்ஸ்க் மாகாணப் பள்ளிகளின் இயக்குநர், அரசுச் சேவையால் பரம்பரைப் பிரபுத்துவம் பெற்றவர், ஜாரின் கல்வித் துறைக்கே வாழ்நாளைக் கொடுத்தவர். 1825-ல் சதுக்கத்தில் நின்றவர்களும் பிரபுக்கள்தான். தாய்நாட்டை விமர்சித்துக் கட்டுரை எழுதியதற்காக 1836-ல் பைத்தியம் என்று அறிவிக்கப்பட்ட சாதாயெவும் முன்னாள் ராணுவ அதிகாரி, உயர்குடி. ஒவ்வொரு முறையும் சிம்மாசனத்தை ஆட்டியது ஜாரின் சொந்தப் பள்ளிகளிலும் படைகளிலும் வளர்ந்த பிள்ளைகள். ஒவ்வொரு முறையும் கதவை அடைத்தது சலவைக்காரியின் பிள்ளைக்கு. அறுபது ஆண்டு இடைவெளியில் வந்த இரண்டு உத்தரவுகளும் ஒரே பயத்தில் பிறந்தவை, ஒரே தவறான ஆளைத் தண்டித்தவை. அந்தப் பயத்துக்குத் திருச்சபை என்றும் தேசியம் என்றும் பெயர் வைத்ததுதான் உவாரோவின் கைங்கரியம்.

தெல்யானோவ் போட்ட அந்த விதிவிலக்கைத்தான் என்னால் மன்னிக்கவே முடியவில்லை. அசாதாரணத் திறமை இருந்தால் வரலாமாம். பத்து வயதுப் பிள்ளையிடம் அதை யார் அளப்பது, எந்தத் தராசில்? பிரபு வீட்டுப் பிள்ளைக்கு மந்தமும் சாதாரணமும் போதுமானவையாக இருந்தன. சமையற்காரி மகன் மட்டும் மேதையாக இருந்தாக வேண்டும். நிகிதென்கோ மேதைதான். அப்படியும் அவர் பல்கலைக்கழக வாசலை எட்ட ஒரு சங்கச் செயலாளர் பதவி, தலைநகர்வரை போன ஓர் உரை, ஓர் இளவரசர், தூக்குமேடைக்குப் போகவிருந்த ஒரு கவிஞர், இத்தனையும் தேவைப்பட்டன. அவரோடு வரோனெஷ் வட்டாரப் பள்ளியில் இன்னும் எத்தனை அடிமைப் பிள்ளைகள் படித்திருப்பார்கள்? 1897-ல் ருஷ்யப் பேரரசு முதன்முறையாக முழு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடத்தியபோது, எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்கு இருபத்தொருவர்.